வைக்கோல் புளித்தால் ஹைட்ரஜன்! - பாக்டீரியா தரும் எரிபொருளும் பாக்கி நிற்கும் கணக்கும்

பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது என்று டாக்டரிடம் போகிறவர்களுக்கு, பெரிய மருத்துவமனைகளில் ஒரு பரிசோதனை செய்வதுண்டு. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. பால் சர்க்கரையான லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். பிறகு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு கருவிக்குள் ஊதச் சொல்வார்கள். மூச்சில் ஹைட்ரஜன் வாயு எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கருவி காட்டும். அளவு கூடிக்கொண்டே போனால், பால் சர்க்கரை செரிக்கவில்லை என்று அர்த்தம்.

மூச்சில் ஹைட்ரஜன் எப்படி வந்தது? மனித உடலின் செல்கள் அதைத் தயாரிப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் சர்க்கரையை அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. அப்போது வெளிவரும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறுகிறது.

ராக்கெட்டை விண்ணுக்குத் தள்ளும் அதே ஹைட்ரஜன்தான் இது. இந்த பாக்டீரியாக்களை ஒரு பெரிய தொட்டியில் வளர்த்து, வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் ஆலைக் கழிவுநீரையும் தீனியாகப் போட்டால் எரிபொருள் கிடைக்குமா? பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. தமிழ்நாட்டு விஞ்ஞானிகளும் இதில் முக்கியமான ஓர் அடியை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஹைட்ரஜனுக்கும் நம் சோற்றுக்கும் என்ன தொடர்பு?

ஹைட்ரஜன் என்றதும் எதிர்காலத்து கார்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில், அது இன்றைக்கே நம் சமையலறை வரை வந்திருக்கிறது. யூரியா தயாரிக்க அம்மோனியா வேண்டும். அம்மோனியா தயாரிக்க ஹைட்ரஜன் வேண்டும். யூரியா போட்டு விளைந்த நெல்லைச் சாப்பிடும் எவருக்கும் ஹைட்ரஜன் தொழிற்சாலையோடு மறைமுகமாக உறவு உண்டு. பெட்ரோல், டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கவும் சுத்திகரிப்பு ஆலைகள் ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்துகின்றன.

பிரச்னை, அது எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துச் சூடாக்கி ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால், சுமார் 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலக்கிறது. எரியும்போது தண்ணீரை மட்டுமே தரும் ஹைட்ரஜன், பிறக்கும்போதே புகையோடுதான் பிறக்கிறது. தவிர, இந்தியாவுக்குத் தேவையான இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. எங்கோ நடக்கும் போர், இங்கே உர மானியத்தின் மீது சுமையாக வந்து விழுவது இதனால்தான்.

மாற்று வழிகளில் பிரபலமானது, சூரிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரிப்பது. அதற்கு ஏராளமான மின்சாரம் வேண்டும். புளிக்க வைக்கும் முறையின் கவர்ச்சியே அங்குதான் இருக்கிறது. இதில் பிரிக்கும் வேலையை மின்சாரம் செய்வதில்லை, பாக்டீரியா செய்கிறது. அதற்கான கூலி, சர்க்கரை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

இட்லி மாவு புளிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று, அமிலத்தையும் வாயுவையும் வெளியே விடுகின்றன. மாவு பொங்குவது அந்த வாயுவால். அங்கே வருவது கார்பன் டை ஆக்ஸைடு.

ஹைட்ரஜன் தொட்டியில் வேலை செய்வது வேறு கூட்டம். 'கிளாஸ்ட்ரிடியம்', 'என்டரோபேக்டர்' போன்ற பாக்டீரியாக்கள் இதில் பெயர் பெற்றவை. காற்றுப் புகாத தொட்டிக்குள் சர்க்கரையைத் தின்னும்போது, இவற்றின் உடலில் எலெக்ட்ரான்கள் மிஞ்சிப்போகின்றன. நாமாக இருந்தால், சுவாசிக்கும் ஆக்ஸிஜனிடம் அவற்றை ஒப்படைத்துவிடுவோம். இவற்றுக்கு அந்த வசதி இல்லை. எனவே, தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளிடம் எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடுகின்றன. அவை ஜோடி சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழியிட்டு மேலே வருகின்றன. பாக்டீரியாவுக்கு அது கழிவு. நமக்கு எரிபொருள்.

இந்த வேலையைச் செய்துகொடுக்கும் நொதியின் பெயர் 'ஹைட்ரஜனேஸ்'. 1931-ல் இந்தப் பெயரைச் சூட்டியவர்கள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துவந்த மார்ஜரி ஸ்டீபன்சனும் லெனார்டு ஸ்டிக்லேண்டும். மார்ஜரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1945-ல் லண்டன் ராயல் சொசைட்டி முதன்முறையாகப் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டபோது தேர்வான இருவரில் ஒருவர் அவர்.

வெளிச்சம் தேவைப்படாமல் இருட்டிலேயே நடப்பதால் இதை 'இருள் நொதித்தல்' என்கிறார்கள். இரவு பகல் பார்க்காமல் வேலை நடக்கும் என்பது இதன் பெரிய பலம்.

வேலியே பயிரை மேயும் தொட்டி

'இது நம்ம ஊர் சாண எரிவாயுக் கலன் மாதிரிதானே' என்று தோன்றலாம். கிட்டத்தட்ட சரி. சாண எரிவாயுக் கலனிலும் நடுவில் ஹைட்ரஜன் உருவாகத்தான் செய்கிறது. ஆனால், அதே கலனில் மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அவை ஹைட்ரஜனைப் பிறந்த வேகத்திலேயே தின்று, மீத்தேனாக மாற்றிவிடுகின்றன. அதனால்தான் வீட்டு அடுப்புக்கு மீத்தேன் வந்து சேர்கிறது.

ஹைட்ரஜன் வேண்டுமென்றால், இந்த மீத்தேன் கூட்டத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆய்வாளர்கள் கையாளும் வழி எளிமையானது. சாக்கடைக் கசடையோ சாணக் கரைசலையோ நன்றாகச் சூடாக்குகிறார்கள். மீத்தேன் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. கிளாஸ்ட்ரிடியம் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடுவதால் பிழைத்துக்கொள்கிறது. சூடு ஆறியதும் மீண்டும் முளைத்து வேலையைத் தொடங்குகிறது. பிறகு தொட்டியைச் சற்று அமிலத் தன்மையில் வைத்திருந்தால், மீத்தேன் கூட்டம் மறுபடி தலைதூக்குவது கடினம். ஆய்வுக்கூடக் குடுவையில் இது சுலபம். தினமும் லாரி லாரியாகக் கழிவு வந்து இறங்கும் தொட்டியில் மாதக்கணக்கில் இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதுதான் சவால்.

ஒரு லட்சம் லிட்டர் தொட்டி... 40 மணி நேரம்!

இந்தத் துறையில் வெளிவரும் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை சில லிட்டர் குடுவைகளோடு நின்றுவிடுகின்றன. அந்த வகையில், சென்னையைச் சேர்ந்த முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு தனித்து நிற்கிறது. அவர்கள் பயன்படுத்தியது 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர் அளவு. தீனி, கரும்பு சார்ந்த வடிப்பாலையின் கழிவுநீர். குடியிருப்புப் பக்கம் போனால் நாற்றத்துக்கும், ஆற்றில் கலந்தால் மீன்கள் சாவதற்கும் காரணமாகும் அதே பழுப்பு நிறக் கழிவு.

அதில் மூன்று வகை பாக்டீரியாக்களைக் கூட்டாக வளர்த்தார்கள். 40 மணி நேரத்தில் அதிகபட்சமாகக் கிடைத்த ஹைட்ரஜன் 21.38 கிலோ.

இது எவ்வளவு? ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ பெட்ரோலில் இருப்பதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டொயோட்டாவின் 'மிராய்' ஹைட்ரஜன் காரின் டேங்க் சுமார் 5.6 கிலோ கொள்ளும். அந்தக் கணக்கில், ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர், கிட்டத்தட்ட நான்கு கார்களுக்கு டேங்க் நிரப்பும் அளவுக்கு வாயு தந்திருக்கிறது. கழிவு என்று பார்த்தால் ஆச்சர்யம். தொட்டியின் அளவைப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டுமே உண்மைதான்.

இந்தியாவில் வேறு சிலரும் இந்தத் துறையில் தொடர்ந்து உழைத்திருக்கிறார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி-யில் பேராசிரியர் தேவவிரத தாஸின் குழு, 'என்டரோபேக்டர் குளோயகே' வகையைச் சேர்ந்த திறமையான ஒரு பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்து அதை வைத்துப் பல ஆய்வுகளை வெளியிட்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் வெங்கட மோகனின் குழு, கழிவுநீரைச் சுத்தம் செய்துகொண்டே ஹைட்ரஜனும் எடுப்பதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறது.

நான்கில் நிற்கும் கணக்கு

ஏன் 21 கிலோவோடு நின்றது? இன்னும் பெரிய தொட்டி, இன்னும் நல்ல பாக்டீரியா என்று போனால் கூடாதா? இங்கேதான் இயற்கையே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது.

குளுகோஸின் ஒரு மூலக்கூறை முழுமையாகப் பிரித்தால், தண்ணீரிலிருந்து வருவதையும் சேர்த்து, 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்க வேண்டும். ஆனால், இருள் நொதித்தலில் அதிகபட்சமே 4-தான். மிச்ச ஆற்றல் அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அமிலத்தில் தங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ருடால்ஃப் தாவரும் அவருடைய சகாக்களும் 1977-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை ஒட்டி, இதை 'தாவர் எல்லை' என்று அழைக்கிறார்கள். பாக்டீரியா தன்னுடைய பிழைப்புக்காகத்தான் சர்க்கரையைத் தின்கிறது. அதற்கு மேல் பிரித்தால் அதற்கு லாபம் இல்லை.

அந்த நான்கும் எப்போதும் கிடைப்பதில்லை. சூழல் மாறினால், பாக்டீரியா அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் பியூட்டிரிக் அமிலம் தயாரிக்கத் தொடங்கிவிடும். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான அமிலம் அது. அந்த வழியில் போனால் ஹைட்ரஜன் இரண்டாகக் குறைந்துவிடும். தொட்டிக்குள் ஹைட்ரஜன் அழுத்தம் கூடினாலும் உற்பத்தி சுணங்கும். சென்னை ஆய்வில் சராசரியாகக் கிடைத்தது 2.76. நான்கு என்ற எல்லையோடு ஒப்பிட்டால் நல்ல மதிப்பெண். பன்னிரண்டோடு ஒப்பிட்டால் கால் பங்குக்கும் கீழே.

எடைக்கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். 100 கிலோ சர்க்கரையை முழுதாகப் பிரிக்க முடிந்தால் சுமார் 13 கிலோ ஹைட்ரஜன் வர வேண்டும். தாவர் எல்லையில் கிடைப்பது சுமார் 4.4 கிலோ. சென்னை ஆய்வின் சராசரிப்படி சுமார் 3 கிலோ.

வைக்கோல் அவ்வளவு சீக்கிரம் மசியாது

இதுவரை பேசியது, சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருக்கும் கழிவுநீர் பற்றி. வயலில் கிடக்கும் வைக்கோலும் சோளத்தட்டையும் வேறு ரகம். அவற்றிலும் சர்க்கரை இருக்கிறது. ஆனால், செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டு, லிக்னின் என்ற பசையால் பூசப்பட்டிருக்கிறது. செடி நிமிர்ந்து நிற்பதும் மரம் நூறாண்டு வாழ்வதும் அந்தக் கெட்டித்தன்மையால்தான்.

அதை உடைக்க நீராவியில் வேக வைக்க வேண்டும், அல்லது அமிலமோ காரமோ சேர்க்க வேண்டும். பிறகு, நொதிகளைச் சேர்த்துச் சர்க்கரையாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் செலவு. இந்தச் செலவைக் குறைக்கத்தான், அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 'கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம்' என்ற பாக்டீரியாவை வைத்து ஆராய்ந்தது. 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுகமாக வாழும் இது, செல்லுலோஸை வெட்டும் நொதிகளை ஒரு கருவிப்பெட்டிபோல உடம்பின் வெளிப்புறத்திலேயே மாட்டி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து நொதி வாங்கிப் போட வேண்டிய தேவை குறைகிறது. வைக்கோல் வகைகளில் இருக்கும் 'சைலோஸ்' என்ற இன்னொரு சர்க்கரையை இது இயல்பாகத் தின்னாது. மரபணு மாற்றத்தின் மூலம் அதையும் தின்னப் பழக்கியிருக்கிறார்கள்.

இருந்தாலும் கணக்கு இறுக்கமானதுதான். 100 கிலோ வைக்கோலில் செல்லுலோஸ் சுமார் 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் சர்க்கரையாகி, சென்னை ஆய்வு அளவுக்குப் பலன் கொடுத்தால்கூட கிடைக்கும் ஹைட்ரஜன் சுமார் 1.2 கிலோ. அதே நேரம், உலர்ந்த தாவரக் கழிவைப் புளிக்க வைக்காமல், ஆக்ஸிஜனும் நீராவியும் செலுத்திக் கடும் சூட்டில் வாயுவாக்கும் முறையை பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உருவாக்கியிருக்கிறது. அதில், ஒரு கிலோ கழிவிலிருந்து 100 கிராம், அதாவது 100 கிலோவுக்கு 10 கிலோ ஹைட்ரஜன் கிடைப்பதாக அறிவித்தார்கள்.

அப்படியென்றால் புளிக்க வைக்கும் முறை தோற்றுவிட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. வாயுவாக்கும் உலைக்குக் காய்ந்த சரக்கு வேண்டும். வடிப்பாலைக் கழிவுநீரையோ, சேலத்துச் சேகோ ஆலைகளின் மாவுத் தண்ணீரையோ, காய்கறிச் சந்தையில் அழுகும் மூட்டைகளையோ உலையில் போட முடியாது. அவற்றைக் காய வைக்கவே ஏகப்பட்ட ஆற்றல் செலவாகிவிடும். ஈரக் கழிவுதான் நொதித்தலின் சொந்த மண். காய்ந்த வைக்கோலுக்கு உலை, ஈரக் கழிவுக்குத் தொட்டி என்று பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

மிச்சத்தில்தான் சூட்சுமம்

தொட்டியில் தங்கிப்போகும் அமிலத்தை வீணாக்காமல் இருந்தால், கணக்கு மாறும். அதற்கு மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

*முதல் வழி, சூரிய ஒளி.* 'ரோடோசூடோமோனாஸ்' போன்ற ஊதா நிற பாக்டீரியாக்கள் வெளிச்சத்தின் உதவியோடு அசிட்டிக் அமிலத்திலிருந்தும் ஹைட்ரஜன் எடுக்கும். முதல் தொட்டியில் 4, இரண்டாவது தொட்டியில் 8 என்று காகிதத்தில் பன்னிரண்டையும் எட்டிவிடலாம். ஆனால், வெளிச்சம் உள்ளே போக வேண்டுமென்றால் தொட்டி மெல்லியதாக, கண்ணாடிபோல இருக்க வேண்டும். அதற்கு இடமும் செலவும் அதிகம்.

*இரண்டாவது வழி, சிறிய மின்சாரத் தூண்டல்.* அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு லேசாக மின்னழுத்தம் கொடுத்தால் ஹைட்ரஜன் வெளிவருகிறது. தண்ணீரை நேரடியாகப் பிரிக்கத் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த மின்னழுத்தமே இதற்குப் போதும். 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள்.

*மூன்றாவது வழிதான் நமக்குப் பழக்கமானது.* மிச்ச அமிலத்தை அடுத்த தொட்டிக்கு அனுப்பி, அங்கே மீத்தேன் கூட்டத்தை வேலை செய்ய விடுவது. முதல் தொட்டியில் ஹைட்ரஜன், இரண்டாவதில் மீத்தேன், கடைசியில் வயலுக்கு உரம். இரண்டு வாயுக்களையும் கலந்தே எரிபொருளாக்கலாம். டெல்லியில் 2020 அக்டோபரில், சி.என்.ஜி-யோடு 18 சதவிகிதம் ஹைட்ரஜன் கலந்த எரிபொருளில் 50 பேருந்துகளை ஓட்டும் சோதனை தொடங்கப்பட்டது. அந்த ஹைட்ரஜன் பாக்டீரியா தந்ததல்ல என்றாலும், கலப்பு வாயுவில் பேருந்து ஓடும் என்பதற்கு அது உதாரணம்.

இந்த மூன்றில், இன்றைய நிலையில் செலவு குறைவாகவும் நம் ஊர் ஆட்களுக்குப் பழக்கமாகவும் இருப்பது மூன்றாவது வழிதான்.

அரசாங்கக் கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிப்பது இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் எது 'பசுமை' என்பதற்கும் வரையறை வந்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமான உமிழ்வைத் தாண்டக் கூடாது. தண்ணீரைப் பிரித்து எடுப்பதைப் போலவே, தாவரக் கழிவிலிருந்து எடுப்பதும் இந்த வரையறைக்குள் வருகிறது. தொட்டியிலிருந்தும் கார்பன் டை ஆக்ஸைடு வரத்தான் செய்கிறது. ஆனால், அது செடி வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்பதால் புதிய சுமையாகக் கணக்கிடப்படுவதில்லை.

அங்கீகாரம் கிடைத்தது. வரவேற்பு? திட்டத்தின் முதல் சுற்று ஏலத்தில், தாவரக் கழிவு வழியிலான ஹைட்ரஜனுக்கென்றே ஆண்டுக்கு 40,000 டன் தனியாக ஒதுக்கப்பட்டது. கடைசியில் அந்தப் பிரிவில் ஒதுக்கீடு பெற்றது 2,000 டன் மட்டுமே. மற்ற பிரிவில் இருந்த 4,10,000 டன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. முதலீட்டாளர்களின் மனநிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சூரிய மின்சாரம் மலிவாகிக்கொண்டே வரும்போது, கழிவைச் சேகரித்து, ஏற்றி, பதப்படுத்திச் செய்யும் தொழிலில் இறங்கத் தயங்குகிறார்கள்.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 23 கோடி டன் வேளாண் கழிவு உபரியாக இருப்பதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு சொல்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அறுவடை முடிந்ததும் நெல் தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அடுத்து கோதுமை விதைக்க அவர்களுக்கு இருக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். அந்தத் தாளுக்கு ஒரு விலை கிடைத்தால், தீ வைக்க வேண்டிய கட்டாயம் குறையும்.

அதே கணக்கைத் தஞ்சாவூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே வைக்கோல் கழிவு இல்லை, மாட்டுத் தீவனம். கோடையில் வைக்கோல் கட்டுக்கு என்ன விலை என்று மாடு வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும். எரிபொருள் ஆலை வந்து வைக்கோலை அள்ளிக்கொண்டு போனால், பால் விலையில் அது எதிரொலிக்கும். கரும்புச் சக்கையும் சும்மா கிடப்பதில்லை. ஆலைகள் அதை எரித்து மின்சாரம் தயாரிக்கின்றன. எனவே, தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது, வேறு யாருக்கும் பயன்படாத ஈரக் கழிவுதான். எப்படியும் சுத்திகரித்தே தீர வேண்டிய கழிவுநீருக்கு ஆலைகள் இன்று பணம் செலவழிக்கின்றன. அந்தச் செலவில் ஒரு பகுதியை ஹைட்ரஜனும் மீத்தேனும் திருப்பிக் கொடுத்தால், தொட்டியின் பொருளாதாரமே வேறாக இருக்கும்.

கடைசியாக ஒரு தடை இருக்கிறது. தொட்டியிலிருந்து வருவது சுத்தமான ஹைட்ரஜன் அல்ல. அசிட்டிக் அமில வழியில்கூட, வரும் வாயுவில் மூன்றில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்ஸைடு. கொஞ்சம் அழுகிய முட்டை நாற்ற வாயுவும் சேர்ந்து வரலாம். காருக்கோ உர ஆலைக்கோ கொடுக்க, அதைப் பிரித்துச் சுத்தப்படுத்தி, அழுத்தி அடைக்க வேண்டும். கிராமத்துக்கு ஒரு தொட்டி என்பதைவிட, ஏற்கெனவே கொதிகலனும் பொறியாளர்களும் இருக்கும் ஆலை வளாகத்துக்குள் ஒரு தொட்டி என்பதே முதலில் நடக்கக்கூடியது. அங்கே வாயுவை எங்கும் ஏற்றிச் செல்ல வேண்டாம். அந்தக் கொதிகலனிலேயே எரித்துக்கொள்ளலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் பாக்டீரியா தந்த ஹைட்ரஜனில் நம் வீட்டு கார் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. 50 லட்சம் டன் இலக்கை நிரப்பப்போவதும் இது அல்ல. ஆனால், ஊருக்கு ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் கழிவுநீர் வாய்க்கால்களில் எரிபொருள் வீணாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் நிரூபணமான உண்மை. ஒரு லட்சம் லிட்டர் அளவில் அதை எடுத்துக் காட்டியவர்கள் சென்னைக்காரர்கள். அது நடந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஏலத்தில் யாரும் எடுக்காமல்போன அந்த 38,000 டன்னில் ஒரு சிறு பங்குக்காவது தமிழ்நாட்டு ஆலைகள் கை தூக்குமா என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி.